மூன்றாவது டம்ளர்

என்னிடம் ஒரு மஞ்சள் துணிப்பை இருக்கிறது. ஏதோ ஒரு கல்யாணத்தில் தாம்பூலத் தேங்காயோடு வந்தது. தேங்காய் மறுநாளே சட்னியாகிவிட்டது. பை மட்டும் குடும்பத்தில் ஒருவராகத் தங்கிவிட்டது. தமிழக அரசு 2021-இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியபோது, எங்கள் வீட்டைவிட்டு அது போனால்தானே மீண்டும் வருவதற்கு என்று நினைத்துக்கொண்டேன். வருஷத்தில் பதினோரு மாதம் ஆணியில் தொங்கும். பங்குனி பிறந்ததும் இறக்கி உதறி, ஒரு எவர்சில்வர் டம்ளர் (சின்னதல்ல), மூடி இறுக்கமான ஒரு டப்பா, ஒரு துண்டு, விரித்து உட்காரப் பழைய செய்தித்தாள் எல்லாவற்றையும் உள்ளே வைப்பேன். ஊரார் ஊட்டிக்கு மூட்டை கட்டும் நாட்களில் நான் மயிலாப்பூருக்குக் கட்டுகிறேன்.

ஊட்டிக்குக் காசு வேண்டும். சென்னைக் கோடையைக் காசில்லாமல் கழிக்கலாம் என்பது என் முப்பது வருஷ ஆராய்ச்சி. ராமநவமிக்குப் பந்தல் போட்டு நடத்தும் கச்சேரிகள் உண்டு. பாட்டு முன்னே பின்னே இருந்தாலும் பானகமும் வடைப்பருப்பும் மோசம் போகாது. மெரினாவில் சாயங்காலக் காற்று உண்டு. ஆனால் கூடவே சுண்டலும் வரும், அதற்குக் காசு கேட்பார்கள். அப்புறம் கட்சிக்காரர்கள் வைக்கும் தண்ணீர்ப்பந்தல்கள். இதில் திறப்பு விழா அன்றைக்கே போய்விட வேண்டும். தர்பூசணி, கிர்ணி, வெள்ளரிப்பிஞ்சு, இளநீர், நீர்மோர் என்று மேஜை கொள்ளாமல் இருக்கும். ரிப்பன் வெட்டியவர் ஒரு கீற்றைக் கடித்தபடி போட்டோவுக்கு நிற்பார். அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் மேஜை துடைத்த மாதிரி ஆகிவிடும். இரண்டாம் நாள் மோர் மட்டும். மூன்றாம் நாள் தண்ணீர். ஒரு வாரம் கழித்துப் பானையும், அதோடு சங்கிலி போட்டுக் கட்டிய டம்ளரும் இருக்கும். இரண்டு வாரம் கழித்துச் சங்கிலி இருக்கும். தலைவர் படம் மட்டும் ஐப்பசி மழை வரைக்கும் தாங்கும்.

இந்த விஷயத்தில் அப்பூதி அடிகள்மேல் எனக்குத் தனி மரியாதை. திங்களூர்க்காரர், அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவர். தண்ணீர்ப்பந்தல் வைத்தார், தன் பேரை வைக்கவில்லை. அதுவரை கண்ணால்கூடக் கண்டிராத திருநாவுக்கரசர் பேரை வைத்தார். பந்தலுக்கு மட்டுமல்ல, பெற்ற பிள்ளைகளுக்கும், வீட்டில் அளக்கிற படிக்கும், மாட்டுக்கும்கூட அதே பேர்தான். அந்த வழியாக வந்த நாவுக்கரசரே பந்தலில் தன் பேரைப் பார்த்துத் திகைத்து, ‘இது யார் வைத்தது?’ என்று விசாரிக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கு அந்தச் சிரமம் யாருக்கும் இல்லை. வைத்தவரே பன்னிரண்டு அடி உயரத்தில் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார்.

ஆனால் இவையெல்லாம் பயிற்சி ஆட்டம். இறுதிப் போட்டி கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழா. கொடியேற்றத்திலிருந்து பத்து நாள். மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி, ஐந்தாம் நாள் இரவு ரிஷப வாகனம், ஏழாம் நாள் தேர். எல்லாம் உண்டு என்றாலும், என் பை காத்திருப்பது எட்டாம் நாளுக்கு. அன்றைக்குத்தான் அறுபத்து மூவர். நாயன்மார்கள் அறுபத்து மூன்று பேரும் பல்லக்குகளில் மாடவீதி சுற்றி வருவார்கள். அவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் ஊர் முழுக்கச் சோறு போடும்.

முப்பது வருஷமாகப் போகிறேன், ஒரு தடவையாவது அறுபத்து மூவரையும் சரியாக எண்ணிப் பார்த்துவிட வேண்டும் என்பது என் வைராக்கியம். நடந்தபாடில்லை. ஒரு பல்லக்கில் மூன்று பேர், நான்கு பேர் என்று எழுந்தருள்வதால் கணக்கில் கவனம் வேண்டும். ஒரு வருஷம் ஐம்பத்திரண்டு வந்தது. நடுவில் சாம்பார் சாதம் வந்துவிட்டது. இன்னொரு வருஷம் அறுபத்தேழு. பல்லக்கு ஓரிடத்தில் நின்றிருக்கிறது, நான் கேசரி வாங்கிவந்து அதே பல்லக்கை மறுபடி எண்ணியிருக்கிறேன்.

இந்த வருஷம் கோயம்புத்தூரிலிருந்து சகலை மனைவியோடு வந்திருந்தார். பம்ப்செட் உதிரிபாகக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் திருப்பிப் பார்த்து விலை தேடுவார். ‘சும்மா’ என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குச் சட்டைப் பைமேல் கை போகும்.

“ஏனுங்க சகல, ஒருத்தன் சும்மா குடுக்கறான்னா சும்மாவா குடுப்பான்? என்னத்தயாச்சும் தலயில கட்டறதுக்குத்தான் வருவான். நான் சாமி கும்பிட வர்றேன். அந்தப் பையெல்லாம் நீங்களே தூக்கிக்கங்க.”

வேளச்சேரியிலிருந்து நாங்கள் நாலு பேரும் பறக்கும் ரயிலில் திருமயிலைக்குப் போனோம். (பறக்காது. ஆனால் டிக்கெட் ஒரு காபி விலைகூட வராது என்பதால் பேரைப் பற்றி நான் வாதாடுவதில்லை.) வடக்கு மாடவீதியில் என் மனைவியின் தோழிக்கு முதல் மாடியில் வீடு. அக்காவும் தங்கையும் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்க ஏற்பாடு. “பெண்கள் மட்டும்தான், இடம் பத்தாது” என்று சொல்லி எங்களை வாசலோடு கழற்றிவிட்டார்கள்.

வழியெல்லாம் சகலைக்கு நான் பூம்பாவை கதையைச் சொல்லிக்கொண்டு போனேன். எட்டாம் நாள் காலையில் அந்த வைபவம்தான் நடக்கும். மயிலையில் சிவநேசர் என்ற வணிகர். மகள் பூம்பாவையைச் சம்பந்தருக்கு மணம் முடிக்க நினைத்திருக்கையில் பாம்பு கடித்து அவள் இறந்துபோகிறாள். எலும்பும் சாம்பலும் ஒரு குடத்தில். சம்பந்தர் மயிலைக்கு வந்து, குடத்தின் முன் நின்று பதிகம் பாடுகிறார். என்ன பாடினார் என்பதுதான் முக்கியம். மந்திரமா, வைத்தியமா? இல்லை. மயிலாப்பூர் விழாக்களின் பட்டியல்! ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று அடுக்கி, இதையெல்லாம் பார்க்காமல் போய்விடுவாயா பெண்ணே என்று கேட்கிறார். முதல் பாட்டிலேயே அடியார்களுக்குச் சோறிடும் விழாவைச் சொல்லிவிடுகிறார். பூம்பாவை பன்னிரண்டு வயதுப் பெண்ணாகக் குடத்திலிருந்து எழுந்து வந்துவிடுகிறாள்.

“வராம என்னங்க செய்யும் அந்தப் புள்ள” என்றார் சகலை.

எனக்கு இந்தக் கதையில் துளியும் சந்தேகம் வந்ததில்லை. மதியத் தூக்கத்தில் பிணம் மாதிரிக் கிடக்கும் என்னை, “கோயிலில் புளியோதரையாம்” என்ற ஒரே வாக்கியத்தால் என் மனைவி எத்தனை தடவை எழுப்பியிருக்கிறாள்! அதற்குப் பதிகம்கூடத் தேவைப்பட்டதில்லை.

இரண்டரை மணி இருக்கும். மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த தகரத் தடுப்புகள் வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தன. பலூன்காரர், ஊதல்காரர், மரச்சொப்பு விற்பவர், கல்சட்டிக்காரம்மா எல்லோரும் கடை பரப்பியாயிற்று. முனையில் ஒரு இளைஞர் அட்டை விசிறி நீட்டினார். சகலை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். நான் இரண்டு வாங்கினேன். ஒரு பக்கம் கபாலி. மறுபக்கம் ‘மூட்டு வலியா?’ என்று ஒரு விளம்பரம்.

“நாஞ் சொல்லலீங்களா?” என்றார் சகலை. ஒரு புள்ளி அவருக்குப் போனது. ஆனால் ஐந்தே நிமிஷத்தில் அந்த மூட்டு வலியால்தான் விசிறிக்கொண்டார்.

அன்னதான வரிசைக்கென்று சில சூத்திரங்கள் உண்டு, சகலைக்குச் சொல்லிக்கொடுத்தேன். கெட்டியானது முதலில், நீராகாரம் பிறகு. மாற்றிச் செய்தால் மூன்று மணிக்கே ஆட்டம் முடிந்துவிடும். புளியோதரை அண்டா பாதிக்குக் கீழே இறங்கியபின் போக வேண்டும். வேர்க்கடலையெல்லாம் அடியில்தான் தங்கியிருக்கும். பரிமாறுபவரின் கரண்டியைப் பார்க்கக் கூடாது, முகத்தைப் பார்க்க வேண்டும். கரண்டியைப் பார்ப்பவனுக்கு அரைக் கரண்டிதான் விழும். தமிழகத்தில் ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2019-இல் தடை செய்தபிறகு தொன்னையும் பாக்குமட்டைத் தட்டும் வந்திருக்கின்றன. தொன்னையில் ரசவாட்டமான சாம்பார் சாதம் வாங்கினால் நின்ற இடத்திலேயே குடித்துவிட வேண்டும், நடக்கக் கூடாது. என் வேட்டியில் மூன்று வருஷத்துக் கறைகள் இதற்குச் சாட்சி.

டப்பாவை நீட்டினால் மட்டும் எல்லாப் பந்தலிலும் ஒரே பதில்: “பார்சல் கிடையாது சார்.” அதற்கும் என்னிடம் ஒரு வழி உண்டு. “வீட்டில் வயசானவர் ஒருத்தர் இருக்கார், கூட்டத்தில் வர முடியாது” என்பேன். பொய்யில்லை. ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்த வயசானவர் நான்தான்.

மூன்று மணிக்குமேல் மேளச் சத்தம் கேட்டது. பிள்ளையார் முன்னால் வந்தார். கபாலியும் கற்பகாம்பாளும் சிங்காரவேலரும் வந்தபோது கூட்டம் ஒரே உடம்பாக முன்னே நகர்ந்து, ஒரே உடம்பாகப் பின்னே வந்தது. நம் காலை நாம் எடுத்து வைக்க வேண்டிய வேலையே கிடையாது; ஊர் தூக்கிப்போய் ஊர் இறக்கி வைக்கும். வடக்கு மாடவீதியில் ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். பல்லக்குகள் வரத் தொடங்கின. மூன்று, ஏழு, பத்து, பதினான்கு. விரல் மடக்கி எண்ணினேன். இருபத்தொன்றில் திரும்பிப் பார்த்தால் சகலையைக் காணோம்.

செல்போனில் கூப்பிட்டேன். அறுபத்து மூவர் கூட்டத்தில் செல்போன் மணி கேட்கும் என்று நம்பியது என் தவறு. வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாரா, யாராவது சும்மா எதையாவது கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களா என்று கவலை. கவலையில் எனக்கு நாக்கு வறண்டுவிடும். எதிரில் இருந்த நீர்மோர்ப் பந்தலில் ஒரு தம்பி ஊற்றிக்கொண்டிருந்தார். எவர்சில்வர் டம்ளரை நீட்டி ஒன்று வாங்கிக் குடித்தேன். இஞ்சி, கறிவேப்பிலை, கொஞ்சம் மாங்காய்த் துருவல். அடடா! கவலை பாதி குறைந்தது. கம்பத்துக்குத் திரும்பி வந்தேன். இருபத்தைந்து, இருபத்தெட்டு, முப்பத்திரண்டு. மீதிக் கவலை தலையெடுக்கவே மறுபடி பந்தலுக்குப் போனேன்.

“வரிசையில வாங்க, வரிசையில! அண்டா நெறய இருக்குதுங்க, ஒருத்தரும் அவசரப்படாதீங்க!”

குரல் பழகிய குரலாக இருந்தது. சட்டைக் கையை முழங்கைக்குமேல் மடித்துவிட்டு, தோளில் யாருடைய துண்டையோ போட்டுக்கொண்டு, கையில் நீளக் கரண்டியோடு சகலை நின்றார். பக்கத்தில் தம்பிகள் நாலு பேர் அவருக்கு டம்ளர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு விசாரித்ததில் தெரிந்தது: சொம்பால் மொண்டு ஊற்றும்போது பாதி மோர் தரையில் சிந்துகிறது என்று குற்றம் சொல்லப் போயிருக்கிறார். பம்பில் ஒழுகினாலே பொறுக்காதவர், மோர் ஒழுகினால் விடுவாரா? “அப்படின்னா நீங்களே ஊத்துங்க அங்கிள்” என்று கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகு ஒரு சொட்டு சிந்தவில்லை என்று அந்தத் தம்பிகளே சொன்னார்கள்.

என் முறை வந்தது. டம்ளரை நீட்டினேன். சகலை என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார்.

“உங்களுக்குக் குடுத்தாச்சுங்களே சகல.”

“அது நீங்க குடுக்கலையே. அந்தத் தம்பிதான் குடுத்தார்.”

“ஊத்தறது யாரா இருந்தா என்னங்க? அண்டா ஒண்ணுதானுங்களே. பின்னால கொழந்த நிக்குது, கொஞ்சம் தள்ளிக்கங்க.”

காலையில் ‘சும்மா’ என்றால் நம்பாத மனுஷர், சாயங்காலத்துக்குள் தத்துவம் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டார். இத்தனைக்கும் இவருடைய கல்யாணத்தில் பந்திக்கு நின்று பாயசம் பரிமாறியவன் நான். பின்னால் நின்ற குழந்தைக்கு விளிம்புவரை ஊற்றியதைப் பார்த்துவிட்டு, கௌரவமாக ஒதுங்கி வந்துவிட்டேன். கம்பத்துக்கு வந்தால் முப்பத்திரண்டா முப்பத்தெட்டா என்பது மறந்துபோயிருந்தது. இந்த வருஷமும் கணக்கு அவ்வளவுதான்.

ராத்திரி ஒன்பது மணி ரயிலில் திரும்பினோம். ஜன்னலோரம் சகலை. விரல்களில் இஞ்சி வாசனை போகவில்லை என்று முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் தங்கையும் மடிப்புக் கலையாத புடவையோடு எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். தோழி வீட்டில் இலை போட்டுச் சாப்பாடாம், நடுவில் பில்டர் காபியாம்.

“அறுபத்து மூணு பேரையும் பார்த்தோம்” என்றாள் மனைவி. “ஜன்னலுக்கு நேர் கீழேதான் எல்லாப் பல்லக்கும் போச்சு. ஒண்ணு விடாம எண்ணினோம்.”

“நல்லது” என்றேன்.

“எதிர்த்தாப்புல அந்த மோர்ப் பந்தலும் நல்லாத் தெரிஞ்சுது.”

நான் பையிலிருந்த டப்பாவின் மூடியைச் சரிபார்த்தேன்.

“ரெண்டாவது தடவை அத்திம்பேர் கையை ஆட்டி அனுப்பினதைப் பார்த்தோம். சரி, போகட்டும். மூணாவது தடவை மூக்குக்கண்ணாடியைக் கழட்டிப் பையில போட்டுட்டு, துண்டைத் தலையில கட்டிண்டு, கொஞ்சம் கூனிண்டு போய் நின்னேளே, அப்பவாவது கிடைச்சுதா?”

நான் வாயைத் திறக்குமுன் ஜன்னல் பக்கமிருந்து பதில் வந்தது.

“அது நம்ம சகலையா? குடுத்தேனுங்களே! பாவம், யாரோ வயசானவர்னு ரெண்டு கரண்டியா ஊத்துனேன்.”