பிராட்வேக்கு இந்தப் பக்கம்

பால்டிமோர்

அன்புள்ள அத்தைக்கு,

வீடு கிடைத்துவிட்டது. "ஏரியா நல்ல ஏரியாதானே?" என்று போனில் கேட்டீர்கள். "ஆமாம் அத்தை" என்று சொல்லி வைத்துவிட்டேன். முழுப் பதில் சொல்ல ஒரு கடிதமாவது வேண்டும்.

நான் வேலை பார்க்கும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி 1889-இல் திறந்தது. எந்தெந்த நாட்டிலிருந்தோ நோயாளிகள் விமானம் ஏறி வருகிறார்கள். ஆனால் பிராட்வே தெருப் பக்கத்து வாசலை விட்டு வடக்கே கொஞ்சம் நடந்தால், ஜன்னலுக்குப் பலகை அடித்த வீடுகள் வரிசையாக நிற்கும். தெருமுனைகளில் செக்யூரிட்டிகள். ராத்திரி நேரமானால் கார் நிறுத்துமிடம் வரை துணைக்கு வரச் சொல்லிக் கூப்பிடலாம். "உள்ளே உயிரைக் காப்பாற்ற டாக்டர் இருக்கிறார், வெளியே உன் பாடு" என்று லேப் சீனியர் ஒருவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

வீடு தேடுகிறேன் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு ஆலோசகராகிவிட்டார்கள். புறநகரான எல்லிகாட் சிட்டியில் தோட்டம் துரவோடு வாழும் தமிழ் அண்ணன் ஒருவர், "பால்டிமோருக்குள் காலே வைக்காதே" என்றார். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் அக்வேரியம் காட்ட மட்டும்தான் அவர் இங்கே வருவார். ஓவிங்ஸ் மில்ஸில் இருக்கும் அக்கா, "இங்கே வீடு எடு. மெட்ரோவில் ஏறினால் கடைசி ஸ்டேஷன் உன் ஆஸ்பத்திரிதான்" என்றார். அடுத்த மூச்சிலேயே, "ஆனால் இருட்டினப்புறம் மெட்ரோவில் ஏறாதே." அப்புறம் எப்படி வீடு திரும்புவது? "இருட்டுமுன் கிளம்பிவிடு!" டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் போய்விடுகிறது. லேபில் நான் வளர்க்கும் செல்களுக்கு ஏழு மணிக்குத்தான் பசிக்கும்.

நகருக்குள் மவுண்ட் வெர்னன் என்ற பேட்டைக்குப் போய்ப் பார்த்தேன். அழகான இடம். நடுவில் 1829-இல் கட்டி முடித்த வாஷிங்டன் தூண், தலைநகரில் இருப்பதைவிட அரை நூற்றாண்டு மூத்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் இலவச ஷட்டில் பஸ் அந்த வழியாகவே ஆஸ்பத்திரிக்கு வருகிறது. வாடகையும் தூண் உயரம். பழைய துறைமுகப் பேட்டையான ஃபெல்ஸ் பாயிண்டில் சனிக்கிழமை ராத்திரி முழுக்கத் திருவிழா, தூங்க முடியாது.

அப்புறம் ஒரு புரோக்கர் வேறொரு தெருவில் வீடு காட்டினார். வாசலுக்கு எதிரே விளக்குக் கம்பத்தில் போலீஸ் கேமரா. அதன் உச்சியில் நீல விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. "பாருங்கள், இருபத்துநாலு மணி நேரமும் போலீஸ் கண்" என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பாளையங்கோட்டையில் உங்கள் தெருவில் போலீஸ் வந்து கேமரா மாட்டினால் நீங்கள் என்ன கேட்பீர்களோ, அதையேதான் நானும் கேட்டேன்: "இங்கே என்ன நடந்தது?" மனிதர் சமையலறையைக் காட்டப் போய்விட்டார்.

இங்கே யாரைக் கேட்டாலும் தன் தெரு நல்ல தெரு, இரண்டு தெரு தள்ளித்தான் ஆபத்து. அந்த இரண்டாவது தெருவில் போய்க் கேட்டால் அவர்கள் இன்னும் இரண்டு தெரு தள்ளிக் கை காட்டுகிறார்கள். இது தானாக வந்த பழக்கமல்ல. 1910-இல் இந்த நகரசபை ஒரு சட்டமே போட்டது: வெள்ளையர் அதிகமிருக்கும் பிளாக்கில் கறுப்பினத்தவர் குடிபோகக் கூடாது, கறுப்பினத்தவர் அதிகமிருக்கும் பிளாக்கில் வெள்ளையர் கூடாது. 1917-இல் இன்னொரு ஊரின் இதே மாதிரிச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் 1930-களில் வீட்டுக்கடனுக்கு வரைபடம் போட்டு, கறுப்பினத்தவர் வாழ்ந்த பேட்டைகளுக்குச் சிவப்பு அடித்தார்கள். சிவப்பில் இருந்தவனுக்குக் கடன் குதிரைக்கொம்பு. கடன் கிடைக்காத வீட்டுக்குக் கூரை யார் மாற்றுவார்? கடைசியில் ஜன்னலுக்குப் பலகைதான். தெருப் பெயரைக் கேட்டே சாதியைக் கண்டுபிடிக்கிற ஊரிலிருந்து வந்தவளுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் புட்சர்ஸ் ஹில்லில் எடுத்தேன். பயப்படாதீர்கள், அந்தக் காலத்தில் கசாப்புக் கடைக்காரர்கள் வீடு கட்டிக்கொண்ட மேடு, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிய ரோ ஹவுஸ், வாசலில் வெள்ளைப் பளிங்குப் படி. வீடு பார்க்கப் போனபோது அடுத்த வீட்டுப் பாட்டி ஒரு பழைய குஷனில் முழங்காலை ஊன்றிப் படியைக் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தார். பால் மாதிரி தண்ணீர் நடைபாதையில் வழிந்தது. நிமிர்ந்து பார்த்தார், விசாரணை ஆரம்பமாயிற்று. எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா, ராத்திரி எத்தனை மணிக்கு வருவாய், பாட்டைச் சத்தமாக வைப்பாயா. உங்களுக்கு இங்கே ஒரு தங்கை இருப்பது அன்றுதான் தெரிந்தது. பதில்களில் திருப்தியானதும் சட்டம் போட்டார்: காரில் சில்லறைக் காசுகூட விட்டுவைக்காதே. ராத்திரி போனைப் பார்த்துக்கொண்டே நடக்காதே. எதிரே வருகிறவர் யாராயிருந்தாலும் குட் ஈவினிங் சொல்லு.

அத்தனை ஆலோசகர்களில் எதிரே வருகிறவரை ஒரு மனுஷராக நினைத்துச் சொன்னவர் இந்தப் பாட்டி ஒருவர்தான். அன்று சாயங்காலமே கையெழுத்துப் போட்டு அட்வான்ஸும் கட்டிவிட்டேன்.

பயமே இல்லை என்று புளுக மாட்டேன். சில ராத்திரிகளில் போலீஸ் ஹெலிகாப்டர் விளக்கடித்துக்கொண்டு தலைக்கு மேலே சுற்றும். கதவுக்கு இரண்டு பூட்டு. நேரமாகிவிட்டால் நடக்காமல் வண்டி கூப்பிட்டு வருகிறேன். மற்றபடி நன்றாகத் தூங்குகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன்.

உங்களிடம் ஒரே வேண்டுகோள். இந்த ஊரின் போதைமருந்து, போலீஸ், கொலை எல்லாம் வைத்து 'தி வயர்' என்று ஒரு டிவி தொடர் 2002 முதல் 2008 வரை வந்தது. பிரமாதமான தொடர் என்கிறார்கள். தம்பி அதைத் தேடிப் பிடித்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்