குழலாராய்ச்சி

குழல் பற்றிய சண்டை தமிழுக்குப் புதிதல்ல. மகளிர் குழலுக்கு மணம் இயற்கையா செயற்கையா என்று மதுரைச் சங்கத்தில் வழக்கு எழுந்து, நக்கீரர் வெந்துபோய்ப் பொற்றாமரைக் குளத்தில் விழுந்த கதை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் குழல் வேறு. 1960களின் நடுவில் தொடங்கி 1970களின் முற்பகுதி வரை அமெரிக்கர்கள் மசில் கார் என்ற பெயரில் செய்து தள்ளிய வண்டிகளின் வி8 எஞ்சினிலிருந்து புகையை வெளியே இட்டுச்செல்லும் எஃகுக் குழல். அந்நாட்டார் அதை ஹெட்டர் என்பர். நெடுங்குழலா குறுங்குழலா என்று அங்கே இன்றும் வழக்காடுகிறார்கள். தமிழறிந்தோர் ஒருவரும் இதில் தலையிடாதது பெருங்குறை. அது இன்றோடு நீங்குகிறது.

கள ஆய்வு நடந்த இடம் டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் என் அத்தை மகன் வீட்டுக் காரேஜ். பகலெல்லாம் மின்சாரக் காருக்கு எஞ்சினியர் வேலை பார்ப்பவன், இருட்டியதும் 1969 செவர்லே கமாரோ ஒன்றின் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். இந்த முரணை உளவியல் துறைக்கு விட்டுவிடுகிறேன்.

முதற்கண் மூலம். கம்பெனி பூட்டி அனுப்பியது வார்ப்பிரும்பு மேனிபோல்டு. ஒரு பக்கத்து நான்கு சிலிண்டரின் புகையும் ஒரே குட்டைப் பானைக்குள் முட்டிமோதி வெளியேறும். தேர்த் திருவிழா அன்று கோயிலுக்கு ஒரு வாசலை மட்டும் திறந்துவைத்த மாதிரி. கனம் அதிகம், அழகு இல்லை. ஆனால் சத்தம் போடாது, கசியாது, சீக்கிரத்தில் ஓட்டை விழாது. குணம் இவ்வளவு இருந்தும் இதை விரும்புவார் இல்லை. நல்ல மருமகனுக்கு நேரும் கதி.

கம்பெனிக்காரர்களுக்கும் இதன் குறை தெரியாமலில்லை. 1965இல் ஷெல்பி நிறுவனத்தார் ஃபோர்டு மஸ்டாங்கை ஜிடி350 ஆக்கியபோது கார்புரேட்டர், இன்டேக்கோடு ஹெட்டரையும் மாற்றினார்கள். கணக்கில் 271 குதிரைகள் 306 ஆயின. 1967 கமாரோ இசட்28 வாங்கியவர் விரும்பிக் கேட்டால் ஹெட்டர் உண்டு, ஆனால் பூட்டித் தரமாட்டார்கள். டிக்கியில் போட்டு அனுப்புவார்கள். சீர்வரிசைக் கட்டிலைப் பிரித்துக் கட்டி அனுப்புவது போல. மாட்டுவது மாப்பிள்ளை பாடு.

இனிக் குழலின் தத்துவம். வெடித்த புகை குழலுக்குள் பாயும்போது ஓர் அழுத்த அலை ஓடுகிறது. நான்கு குழலும் கூடுகிற வாயை அது எட்டியதும், அங்கிருந்து உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. உள்ளே வரும் வால்வும் வெளியே விடும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கண நேரத்தில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை இழுத்துப்போட்டுப் புதுக் காற்றுக்கு இடம் பண்ணும். அலை எப்போது வரும் என்பது குழலின் நீளத்தைப் பொறுத்தது. நெடுங்குழல் ஏறத்தாழ 30 அங்குலம் ஓடி, வண்டிக்கு அடியில் போய்க் கூடும். குறுங்குழல் எஞ்சினை ஒட்டியே கூடிவிடும். பூட்டுவது சுலபம், லாபம் சொற்பம். இரண்டிரண்டாகக் கூடிப் பிறகு ஒன்றாகும் இருகவர்க்குழலும் உண்டு. ஷெல்பியினது அதுவே. தெரு ஓட்டத்துக்கு அதுவே தக்கது என்பது என் துணிபு. என் துணிபை யாரும் கேட்கவில்லை.

பின்னழுத்தம் இல்லாவிடில் எஞ்சினுக்கு இழுவை போய்விடும் என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? எந்த எஞ்சினும் தன் மூக்கை அடைக்கச் சொல்லி வேண்டுவதில்லை. குழலை அளவுக்கு மீறிப் பெருக்கினால் புகையின் வேகம் குறைகிறது; இழுவை போவது அதனால். 350 கன அங்குலத் தெரு எஞ்சினுக்கு 1⅝ அங்குலக் குழல் போதும் என்று விவரமறிந்தவர் சொல்ல, வாங்குகிறவர் 1¾ கேட்பார். வளர்ற பிள்ளை என்று சட்டையைப் பெரிதாக எடுக்கும் நம் வழக்கமே இது. எஞ்சின் வளர்வதில்லை.

செவர்லே வி8இன் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படைகள் இடப்பக்கம், இரட்டைப்படைகள் வலப்பக்கம். வரிசையைக் கூர்ந்து பார்த்தால் 5ம் 7ம் அடுத்தடுத்து வெடிப்பது தெரியும். இருவரும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களும்கூட. ஐந்தாமவர் விட்ட புகை அடங்குமுன் ஏழாமவர் கதவைத் திறக்கிறார். அந்த வி8களுக்கே உரிய கடமுடா உறுமல் இப்படி ஒவ்வொரு பக்கமும் தாளம் தப்பி வெடிப்பதால் வருவது. அமெரிக்கர் இதைச் சங்கீதம் என்கிறார்கள். தாளம் தப்பியதற்குக் கைதட்டு வாங்கும் வித்வான் உலகில் இது ஒன்றுதான்.

இதுவரை சொன்னவை எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். இக்கட்டுரையின் கண்டுபிடிப்பு இனிமேல்தான் வருகிறது: ஹெட்டரைத் தேர்ந்தெடுப்பது மனிதன் அல்ல, ஏழாம் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக். இடப்பக்கத்தின் கடைக்கோடியில், தடுப்புச் சுவரோரம், ஸ்டியரிங் தண்டின் நெருக்கத்தில் அது ஒளிந்திருக்கிறது. குதிரைத்திறன், விட்டம், 16 கேஜா 18 கேஜா (எண் குறையக் குறையத் தகடு தடிக்கும்; இம்முறையை வகுத்தவர் குசும்புக்காரர்) என்று ஆறு மாதம் ஆராய்ந்து வாங்கிய நெடுங்குழல், அந்த பிளக்குக்கும் ஸ்பேனருக்கும் நடுவே வந்து நின்றுகொள்கிறது. வலப்பக்கத்தில் ஸ்டார்ட்டர் மோட்டாரை வேகவைக்கிறது. சூடாக இருக்கையில் வண்டியை நிறுத்தினால் ஆறும்வரை திரும்பக் கிளம்பாது. வேகத்தடை வந்தால் வயிறு உரசும்.

சான்றுக்கு ஓர் உரையாடல்.

"மாப்ளே, இந்த ஏழாவது பிளக்கை எப்படிக் கழட்டுவே?"

"அதைக் கழட்டக் கூடாது மச்சான். அதை நம்பணும்."

அவன் கருவிப் பெட்டியில் பாதியாக அறுத்த ஸ்பேனர் ஒன்று கிடக்கிறது. பக்கத்துக்கு ஆறு போல்ட்; அதில் ஒன்றுக்காக மட்டும் அறுத்தது. அந்த போல்ட்டை விரல் நுனியால் ஒரு சுற்று திருப்பி, ஸ்பேனரைக் கவிழ்த்துப் போட்டு அரைக்கால் சுற்று திருப்பி, மறுபடி கவிழ்த்து, ஒரு போல்ட்டுக்கு நாற்பது நிமிடம் ஆனதை ஸ்டூலில் உட்கார்ந்து நானே குறித்துக்கொண்டேன். நடுவில் போல்ட் ஒருமுறை கீழே விழுந்தது. தரையில் விழுந்த ஓசை மட்டும் கேட்கவில்லை. எங்கோ வழியில் தங்கிவிட்டது. அப்போது அவன் பேசிய தமிழ் அச்சேறத் தக்கதன்று. ஆனால் பதினைந்து வருட அமெரிக்க வாசத்தில் ஒரு சொல்கூட அவனுக்கு மறக்கவில்லை என்பது மொழியியலுக்கு நற்செய்தி.

இறுதியாக மணம். செராமிக் பூச்சுக்குக் காசில்லாமல் கறுப்புப் பெயிண்ட் அடித்த குழலை வாங்கியிருந்தான். முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் பெயிண்ட் வெந்து காரேஜ் முழுக்கப் புகை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு போனார். ஆகவே இந்தக் குழலின் மணம் செயற்கையே. தீர்ப்பில் எனக்கு ஐயமில்லை. அதை நான் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஏழாம் பிளக்கின் ஒயர் குழலில் படுகிறதா என்று பார்க்கக் கையை உள்ளே விட்டான். முழங்கை பட்டது.

பொற்றாமரைக் குளம் பக்கத்தில் இல்லை. கார் கழுவ வைத்திருந்த வாளியில் முக்கினோம்.