கடல்கட்டியும் ஓடிபியும்: முத்துக்குளித்துறையில் ஓர் ஆராய்ச்சி

கைப்பேசியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டவர் தம் கணக்குக்குள் மறுபடி நுழைவது எப்படி என்னும் பொருளுக்குத் தமிழ் ஆய்வுலகம் இன்னும் உரிய மரியாதை செய்யவில்லை. கொற்கைத் துறைமுகம் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அந்தக் கொற்கையின் வாரிசான தூத்துக்குடியில், வள்ளத்தின் விளிம்பில் குனிந்தவரின் சட்டைப்பையிலிருந்து வழுக்கி விழுந்த போன் என்ன ஆனது, அதோடு சேர்ந்து அவருடைய வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் எங்கே போயின என்று கேட்பார் இல்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை: வடக்கே வேம்பார், தெற்கே மணப்பாடு, கிழக்கே சிக்னல் கிடைக்கும் தூரம். புள்ளிவிவர அட்டவணை இணைக்கப்படவில்லை. விவரம் தர வேண்டியவர்கள் எல்லாரும் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் இலக்கணம். மனத்தில் இருப்பது ஒன்று, கையில் இருப்பது ஒன்று, இரண்டையும் காட்டினால்தான் கதவு திறக்கும். இதுவே இரண்டடுக்குச் சரிபார்ப்பு. கடவுச்சொல் மனத்தில், போன் கையில். இணையத்தில் அட்டை வழியே பணம் கட்ட இந்த இரண்டாம் அடுக்கு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது. பெரும்பாலும் முப்பது விநாடிக்கு ஒருமுறை எண் மாறிக்கொண்டே இருக்கும் முறைக்கு 2011இல் உலகப் பொது விதி எழுதினார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் போடும் வணிகர் எல்லாருக்கும் இது வந்து சேர்ந்தது. விளைவைத் துறைமுகச் சாலையில் காணலாம். கன்டெய்னரில் சரக்கு ஏறிவிட்டது, டிரைவர் இரண்டாவது டீயும் குடித்துவிட்டார், ஓடிபி வர வேண்டிய போன் மட்டும் முதலாளியோடு நாகர்கோவிலில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் மூளை என்று நம்புவோருக்கு முதல் சான்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, தாமிரபரணி முகத்துவாரத்துக் காயலைப் பற்றி எழுதியதுபோலவே இந்த வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பெரிய மீன்கள் குளிப்பவர்களைத் தீண்டாமலிருக்க மந்திரம் போடுவோர் கூடவே போவார்களாம். அந்த மந்திரம் அன்றைய பகலுக்கு மட்டும் செல்லும். பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். இரவில் கள்ளத்தனமாக மூழ்கிச் சிப்பி எடுக்க எவனாவது வந்தால் அவன் பாடு, சுறா பாடு. குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் அனுமதி, பிறகு காலாவதி, மறுநாள் புதிதாக ஒன்று. இதற்கு ஓடிபி என்று பெயர் வைக்க ஏழு நூற்றாண்டு ஆயிற்று என்பதைத் தவிர வேறு வேறுபாடு இல்லை. ஒரு பகல் ஆயுள் கொஞ்சம் தாராளம்தான் என்று பாதுகாப்பு நிபுணர்கள் முகம் சுளிக்கக்கூடும். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் எண் மாறிவிடும் கொடுமை அதில் இல்லை என்பதே எம் பதில். எடுத்த முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒன்று, மந்திரக்காரருக்கு இருபதில் ஒன்று என்றும் போலோ கணக்குச் சொல்கிறார். குறுஞ்செய்திக்குத் தனியாகக் காசு பிடிக்கும் வங்கிகளின் மூதாதையர் யார் என்பதும் இதனால் பெறப்படும்.

இரண்டாம் சான்று கயிறு. குளிப்பவர் கல்லைக் காலில் பற்றிக்கொண்டு மூழ்குவார். மேலே ஒருவர் கயிறு பிடித்திருப்பார். கீழிருந்து சுண்டினால் மேலே இழுக்க வேண்டும். கயிறு பிடிக்க மைத்துனரைத்தான் வைப்பார்கள் என்று இந்தக் கரையில் ஒரு பேச்சு உண்டு: பிடி நழுவினால் தாலி அறுவது அவனுடைய அக்காவுக்கு. இன்றைய கணினி நிறுவனங்கள் நம்பகத்தன்மை பற்றி வெளியிடும் பக்கம் பக்கமான ஆவணங்களில் இவ்வளவு உறுதியான ஏற்பாடு ஒன்றுகூட இல்லை.

எதிர்ச்சான்றையும் மறைக்கக் கூடாது. பாண்டிய நாட்டில் சரிபார்ப்பு படுதோல்வி அடைந்த வழக்கு ஒன்று உண்டு, அது சிலப்பதிகாரம். கோவலன் கையில் சிலம்பு இருந்தது. அதற்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். அரசன் முதலில் ஆளையே முடக்கினான், பிறகு சரிபார்த்தான். சந்தேகம் வந்தால் உடனே கணக்கை மூடிவிட்டு விளக்கத்தைப் பிறகு கேட்கும் இன்றைய வழக்கத்துக்கு இதுவே முன்னோடி. பின்விளைவு நம் ஆய்வெல்லைக்குள்ளேயே நடந்தது என்பது கவனிக்கத்தக்கது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சினம் தணியப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டதாக அந்நூலின் உரைபெறு கட்டுரை கூறுகிறது. வாடிக்கையாளர் குறைதீர்ப்பு வரலாற்றில் இதைவிடக் கடுமையான நடவடிக்கை இல்லை. யாம் இதைப் பரிந்துரைக்கவில்லை.

இனி மையப் பொருளாகிய தொலைத்தல். தொலைந்தது சிம்மா, எண் காட்டும் செயலியா என்று பிரித்தறியாமல் பலர் அலைகிறார்கள். சிம் என்றால் அதே எண்ணில் மாற்று சிம் வாங்கலாம். வாங்கிய பின் 24 மணி நேரம் குறுஞ்செய்தி போகாது, வராது. பிறர் பெயரில் சிம் வாங்கிக் கொள்ளையடிப்பவர்களைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை போட்ட பூட்டு அது. செயலி கதை வேறு. அதன் எண்கள் சிம்மிலிருந்து வருவதில்லை. போனுக்குள் ஒளித்து வைத்த ஒரு ரகசியத்தையும் கடிகாரத்தையும் சேர்த்து அந்தப் போனே கணக்குப் போட்டுச் சொல்லும் எண்கள் அவை. போன் தூத்துக்குடிக் கடலில் முயல் தீவுக்கு அப்பால் கிடந்தால் ரகசியமும் அங்கேதான் கிடக்கிறது. எத்தனை சிம் வாங்கினாலும் பயனில்லை. 2023 ஏப்ரல் முதல் கூகுளின் ஆத்தென்டிகேட்டர் அந்த ரகசியங்களைக் கணக்கிலேயே பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கைத் திறக்கத்தான் எண் கேட்கிறது.

ஒன்றுக்கு மற்றது வேண்டும், மற்றதற்கு ஒன்று வேண்டும் என்னும் இக்கட்டைத் தர்க்க நூலார் அந்யோன்யாசிரயம் என்று பெயரிட்டுக் குற்றமாகத் தள்ளினார்கள். வங்கிக் கவுண்டர்களில் அது நடைமுறை.

"அண்ணாச்சி, பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும் பாருங்க."

"அது இப்ப சுறாவுக்குல்லா வந்திருக்கும், தம்பி."

பிறகு விரலை வைக்கச் சொல்வார்கள். உப்பளத்தில் வாரியது, வலைக்கயிறு இழுத்தது என்று ஆயுள் முழுக்க வேலை பார்த்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும், இயந்திரம் ஏற்காது. மனத்தில் இருப்பது சரி, கையில் இருப்பது போயிற்று, கையே போதாது என்றாகிவிட்ட நிலை இது. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க என்பார்கள். கழுவினால் ரேகை முளைக்கும் என்பதற்கு ஆதாரம் எதுவும் காட்டுவதில்லை.

இந்த இடத்தில் ஆய்வின் தலையாய சான்றை முன்வைக்கிறோம். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், மன்னார் வளைகுடாவின் அக்கரையில் அரிப்பு என்னும் ஊரின் முத்துக்குளிப்பைப் பார்க்கப் போனார். சுறாவைக் கட்டுப்படுத்துபவருக்குத் தமிழில் கடல்கட்டி என்று பெயர்; உரிமை பரம்பரையாக ஒரே குடும்பத்தில் வருவது. குடும்பத் தலைவர் அப்போது கத்தோலிக்கர். மந்திரத்துக்கு மதம் தடையாகக் கருதப்படவில்லை. டெனன்ட் போன நேரம் பார்த்து அவருக்கு உடம்பு சரியில்லை. தமக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பியிருந்தார். மந்திரம் உமக்குத் தெரியுமா என்ற பேச்சு வந்தபோது, அந்த ஆள் கூசாமல் சொன்னது இது: ரகசியம் எனக்குத் தெரியாது, ஆனால் அவருடைய பிரதிநிதியாக நான் இங்கே இருக்கிறேன், சுறாக்கள் அதை மதிக்கும். 1859இல் வெளியான தம் நூலில் டெனன்ட் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இதன் நுட்பத்தை அறிஞர்கள் கவனிக்க வேண்டும். மூல சாதனம் படுத்துவிட்டது. மாற்றாள் வருகிறார். அவரிடம் ரகசியம் இல்லை, ஆகவே அவர் ஏமாற்றவும் முடியாது. இன்னார் அனுப்பினார் என்ற அங்கீகாரம் மட்டும் இருக்கிறது. குளிப்பு நிற்காமல் நடக்கிறது. ஏறத்தாழ இதே ஏற்பாட்டை 2021இல் ஆப்பிள் தன் பயனர்களுக்குத் தந்தது. நம்பிக்கையான ஒருவரை முன்னரே குறித்து வைத்தால், கணக்கு பூட்டிக்கொள்ளும்போது அவருக்கு ஓர் எண் வரும். கணக்குக்குள் இருப்பது எதையும் அவரால் பார்க்க முடியாது. 2025இல் கூகுளும் கொண்டுவந்தது. பேஸ்புக் மூன்று முதல் ஐந்து நண்பர்களை வைத்து 2013இல் ஒன்றைத் தொடங்கி 2022இல் கைவிட்டது. நண்பர்களுக்குப் பதில் மைத்துனர்களைக் கேட்டிருந்தால் நிலைத்திருக்கும் என்பது எம் துணிபு.

எல்லாம் கூட்டிப் பார்த்தால் முடிவு தெளிவு. காலாவதி ஆகும் அனுமதியையும் இரண்டாம் ஆளையும் உலகம் இந்தக் கடலிடமிருந்து எடுத்துக்கொண்டது. மாற்றாளை எடுத்துக்கொள்ளத் தாமதித்தது. வங்கிகள் இன்னும் எடுக்கவே இல்லை. மாற்றாளைச் சுறா ஏற்றுக்கொண்டது, கஸ்டமர் கேர் ஏற்கவில்லை. காப்புரிமை கோரலாம் என்றால் கோருவதற்குத் துறையில் ஆள் இல்லை. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961இல்; கடல்கட்டிகளின் வேலை அதற்கும் முன்பே போயிற்று.

ஆகவே இப்போதைக்குச் செய்யக்கூடியது ஒன்றே. கூகுள் கணக்கில் காப்பு எண்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. எட்டு இலக்கத்தில் பத்து எண் தருவார்கள். ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் செல்லும். போன் கையில் இருக்கும்போதே எடுத்துத் தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் அதே டப்பாவில் போட்டு, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். அந்தத் தாளைப் படம் பிடித்து அதே போனில் வைத்திருப்பவர்கள் இக்கட்டுரையை முதலிலிருந்து படிக்கவும்.