அசை போடாத மாடு

பஸ் ஸ்டாண்டுல எறங்கி நம்ம ஊட்டு வாசப்படி ஏற 10 நிமிச நடை. வந்ததும் வராததுமா, "அப்பாரு, அகம் பேண்டோட புது ஆல்பம், ஜெத்ரோ டல்லோட ஆல்பம், ரெண்டையும் வர்ற வழியிலயே கேட்டு முடிச்சுட்டேன்"ங்கற. டல் ஆல்பத்துல ஒரு பாட்டு மட்டுமே 16 நிமிசத்துக்கு மேலன்னு போன தடவை நீதான சொன்ன? கணக்கு ஒதைக்குதே கண்ணு. பெங்களூருக் கம்பெனியிலயும் இப்படித்தான் கூட்டிக் கழிக்கிறியா?

திண்ணையில உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். காதுல ரெண்டு பொட்டுக்கடலையைச் சொருகிக்கிட்டு, கட்டைவிரலால தள்ளிக்கிட்டே வந்த. இதுல 20 நொடி, அதுல 10 நொடி. நம்ம ஓமலூர்ப் பக்கம் ஆலைக்கொட்டாய்க்குப் போயி, கொதிக்காத சாத்துல ஒரு சொட்டு நக்கிட்டு "வெல்லம் ஜோரு"ன்னு சொல்லிப் பாரு, கரும்புச் சக்கையாலயே அடிப்பாங்க. அழுக்கு எடுக்கணும், பாகு சுண்டணும், தண்ணியில ஒரு சொட்டு விட்டா கரையாம உருண்டு நிக்கணும். அதுக்கப்புறம்தான் பேச்சு.

சரி, டல்லுன்னா யாருன்னு தெரியுமா? இங்கிலாந்துல 1701 வாக்குல வரிசையா வெதை போடற கருவி செஞ்ச வெள்ளாமைக்காரன். அவன் பேரை வெச்சிருக்கற இந்த பேண்டுப் பசங்க பாட ஆரம்பிச்ச புதுசுல, ஒருக்கா கூப்பிட்ட கிளப்புக்காரன் மறுக்கா கூப்பிட மாட்டானாம். அதனால வாரத்துக்கு ஒரு பேரை மாத்திக்கிட்டு அதே கிளப்புக்குப் போவாங்களாம். வெலை போகாத மாட்டுக்குக் கொம்பு சீவி, வர்ணம் அடிச்சு, அடுத்த வாரம் அதே சந்தைக்கு ஓட்டிக்கிட்டு வர்ற தரகு வேலைதான். 1968ல, ஏஜெண்டு ஒருத்தர் வெச்சு விட்ட ஜெத்ரோ டல்லுங்கற பேருல ஆடினப்ப கிளப்புக்காரனுக்குப் புடிச்சுப்போச்சு. பேரு நின்னுருச்சு.

அதுல ஒத்தைக் காலத் தூக்கிக்கிட்டுப் புல்லாங்குழல் ஊதற இயன் ஆண்டர்சன் என்னைய விட ரெண்டு வயசு சின்னவன். 2025 மார்ச்சுல, 77 வயசுல, ஆல்பம் போட்டுருக்கான். பேரு 'கியூரியஸ் ருமினன்ட்'. ருமினன்ட்டுன்னா அசை போடற சாதி. கட்டுத்தரையில நம்ம செவலை படுத்திருக்கா பாரு. வாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அரைக்குது. ஒரு வாய் முழுங்கினதும் கொஞ்சம் சும்மா இருப்பா. அப்புறம் தொண்டைக்குள்ள ஒரு உருண்டை மேல ஏறி வர்றது வெளியிலயே தெரியும். திரும்ப அரைப்பா. காலையில மேஞ்ச புல்லுக்கு ருசி இப்பத்தான் வருது அவளுக்கு. நீ இன்னும் புல்லு மேலயே ஓடிக்கிட்டு இருக்க.

எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. உங்கப்பன் சேலத்துல காலேஜ் படிச்சப்ப கொண்டாந்த கேசட்டெல்லாம் பரண்ல கெடக்கு. 1972ல இந்த டல்லுக்காரங்க பண்ணின குசும்பு ஒன்னு சொல்றேன் கேளு. அதுக்கு முந்தின வருசத்து ஆல்பத்தை, 'முழுக்க ஒரே கருத்தைச் சொல்ற காவியம்'னு எழுதினாங்க பத்திரிகைக்காரங்க. இல்லைன்னு சொன்னாலும் கேக்கலை. காவியந்தான வேணும், இந்தான்னு 'திக் ஆஸ் எ பிரிக்' போட்டாங்க. ஆல்பம் முழுசுக்கும் ஒரே பாட்டு, 43 நிமிசத்துக்கு மேல. பாதியில எந்திரிச்சுப் போயி தட்டைத் திருப்பிப் போடணும். எழுதினது 8 வயசுப் பையன்னு ஒரு புளுகு. அட்டையே 12 பக்கத்துக்குப் பொய்ப் பேப்பரு. கேலிக்குப் பண்ணினது அமெரிக்காவுல மொத எடத்துக்குப் போச்சு. நம்ம கூத்துக் கட்டியக்காரன் போயி சிம்மாசனத்துல உக்காந்த மாதிரி.

கூத்துன்னதும் ஞாபகம் வருது. மாரியம்மன் பண்டிகைக்கு ராத்திரி 10 மணிக்கு ஆரம்பிச்சா விடியற வரைக்கும் ஆட்டம். துரியோதனன் திரையை விட்டு வெளிய வரவே அரை மணி நேரம். முகவீணை ஒரு பக்கம் அழும், மிருதங்கம் ஒரு பக்கம் அதட்டும். நடுவுல தூங்கினவன் உண்டு, நானே தூங்கியிருக்கேன். தள்ளி விட்டவன் ஒருத்தனும் கெடையாது. தாளக் கணக்கும் நமக்குப் புதுசில்லை. பிங்க் ஃபிளாய்டு பேண்டு 1973ல காசு கொட்டற சத்தத்தையும் காகிதம் கிழிக்கற சத்தத்தையும் கோத்து 7 எண்ணிக்கையில ஒரு பாட்டு போட்டாங்கன்னு அதிசயப்பட்டியே, தகிட தகதிமி எண்ணிப் பாரு, அதான் 7.

இப்ப அகத்துக்கு வா. 2003ல உன்ற பெங்களூருலயே கூடின பசங்க. பகல்ல கம்பெனி வேலை, மிச்ச நேரத்துல பாட்டு. ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் பாடறதும் வயலின் வாசிக்கறதும். மொத ஆல்பம் 2012, ரெண்டாவது 2017, மூணாவது 'அரைவல் ஆஃப் தி எதீரியல்' 2025. 22 வருசத்துக்கு 3 ஆல்பம். நீ அதுல ஒன்னை நாலு எட்டு நடக்கறதுக்குள்ள முடிச்சுட்ட.

அவங்களையும் ரெண்டு வார்த்தை சொல்லத்தான் வேணும். வாசல்ல மாட்டின பேரு தமிழ். உள்ள கீர்த்தனை தெலுங்கு, அதோட பேரு இங்கிலீசு. நளினகாந்தி ராகத்துக் கீர்த்தனைக்கு 'மிஸ்ட் ஆஃப் கேப்ரிகார்ன்'னு பேரு வெச்சவங்களை என்ன சொல்ல? தியாகராஜர் வந்தாருன்னா தன் பாட்டை எங்க தேடுவாரு? ஆனா பாட்டு நெசமான பாட்டு. கிடாரு ராகத்துக்குக் கை கொடுத்துத் தூக்குது, காலை வாரலை.

இந்தப் புது ஆல்பத்துல சாரமதியில 'மோட்சமு கலதா' இருக்கு, கூட ஸ்ரேயா கோஷல் பாடறாங்க. பக்தியும் சங்கீத ஞானமும் இல்லாதவனுக்கு மோட்சம் உண்டான்னு தியாகராஜர் கேக்கற பாட்டு அது. அதை நீ 20 நொடியில தள்ளி விட்டுட்டுப் போயிட்ட. பதில் உனக்கே தெரியட்டும்.

டல்லோட அந்த 16 நிமிசப் பாட்டு பேரு என்ன சொன்ன? ஒரே கெணத்துல தண்ணி குடிக்கறது, அப்படித்தான? இரு, செவலைக்குத் தட்டு அள்ளிப் போட்டுட்டு வந்தர்றேன். பொட்டுக்கடலையில ஒன்னை எனக்குக் கொடு, ஒன்னை நீ வெச்சுக்க. மொதல்ல இருந்து போடு. போனை மட்டும் எங்கிட்டக் கொடுத்துரு சாமி.