சைஸ் அண்ணாச்சி

உடன்குடி பஜாரில் ஜெராக்ஸ் கடை என்று ஒன்று இருந்தால், கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு அண்ணாச்சி நின்றுகொண்டிருப்பார். நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். கருப்பட்டி வியாபாரியாக இருக்கலாம், ஊர்க் கமிட்டிப் பொருளாளராக இருக்கலாம், ஓய்வுபெற்ற வாத்தியாராகவும் இருக்கலாம். பேச்சு ஒன்றுதான்: “எழுத்த இன்னும் கொஞ்சம் பெருசாக்கு தாயி.”

மூக்குக்கண்ணாடி சட்டைப்பையில்தான் இருக்கிறது. அதை எடுத்து மாட்டுவதைவிட உலகத்து எழுத்தையெல்லாம் பெருசாக்குவது அவருக்குச் சுலபம்.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. எக்செல்லில் சார்ட் போட்டால் தலைப்பு 14 சைஸிலும், அடியில் வரும் பெயர்கள் 9 சைஸிலும் தானாக வந்து விழும். திரைக்கு முன்னால் இருப்பவருக்கு அது போதும். மண்டபத்தில் புரொஜெக்டர் போட்டு வரவு செலவு காட்டினால், கடைசி வரிசைக்கு அது எறும்பு ஊர்வலம். ஆகவே 12 வரைக்கும் நானும் அண்ணாச்சி கட்சிதான். அவர் 12-இல் நிற்கிற ஆளா?

18 வைத்ததும் மாசப் பெயர்கள் இடம் போதாமல் சாய்ந்துகொள்ளும். மேலும் ஏற்றினால் எக்செல் ஒன்றுவிட்டு ஒன்றை விழுங்கிவிடும். சித்திரை இருக்கும், வைகாசி இருக்காது. ஆனி இருக்கும், ஆடி இருக்காது.

“வைகாசி எங்கம்மா? பதனி சீசனே அப்பந்தான!”

“எழுத்தக் கொறச்சா வந்துரும் அண்ணாச்சி.”

“எழுத்து இருக்கட்டும். வைகாசிய மட்டும் கூப்புடு.”

கெட்டிக்காரப் பெண். சார்ட்டில் நின்ற கம்பிகளைப் படுக்கப் போட்டாள். பெயர்கள் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து உட்கார்ந்தன, வைகாசி உட்பட. கம்பிகளுக்குத்தான் இடம் சுருங்கிப்போயிற்று. அதைப் பற்றி அண்ணாச்சிக்குக் கவலை கிடையாது.

வில்லியம் பிளேஃபேர் 1786-இல் கம்பிச் சார்ட்டை முதன்முதலாக அச்சிட்டபோது, ஸ்காட்லாந்து 17 இடங்களோடு செய்த வாணிபத்தைக் காட்டினார். செப்புத் தகட்டில் வெட்டின எழுத்து, வெட்டினால் வெட்டினதுதான். பின்னால் அண்ணாச்சி நிற்காதது அந்த மனுஷன் செய்த புண்ணியம்.

அண்ணாச்சியின் கணக்கு வேறு. குலசை தசராவுக்கு ஃப்ளெக்ஸ் அடித்துப் பழகியவர். யார் எவ்வளவு பெரிய மனிதர் என்பதைப் பெயரின் பருமனிலேயே சொல்லிவிடுவார். அதே முறையைச் சார்ட்டுக்கும் கொண்டுவந்தார். சாயல்குடி, வேம்பார், உடன்குடி மூன்று ஊர்க் கருப்பட்டி விலையும் திரையில் நிற்கிறது.

“2023-ல நமக்குப் புவிசார் குறியீடே கெடச்சிருக்கு. நம்ம ஊர் பேருக்கு மட்டும் 24 போடு.”

“வரிசைல உள்ள பேருக்கெல்லாம் ஒரே சைஸ்தான் அண்ணாச்சி. ஒண்ண மட்டும் பெருசாக்க எக்செல் விடாது.”

“என்ன சாப்ட்வேரும்மா இது, மட்டு மரியாத தெரியாம?”

அவள் இரக்கப்பட்டிருக்கக் கூடாது. கம்பி முனையில் நிற்கும் எண்களை ஒரு தடவை கிளிக் பண்ணினால் எல்லாம் மாட்டும், அதிலேயே ஒன்றை மறுபடி கிளிக் பண்ணினால் அது மட்டும் மாட்டும் என்று காட்டிக்கொடுத்துவிட்டாள். உடன்குடி விலை 24-க்கு ஏறியது. அண்ணாச்சி அச்சாகி வந்த தாளைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். மூன்று கம்பியில் எது நீளம் என்று இன்னமும் கவனிக்கவில்லை.

“இப்பந்தான் லட்சணமா இருக்கு. அப்படியே வேம்பார எட்டுக்குக் கொறச்சிரு.”