எத்தனை ஆம்ப்ஸ்?

குயிலாப்பாளையத்துக்குக் கம்ப்யூட்டர் புதிது அல்ல. 1980களில், ஊரில் பாதி வீடுகளுக்கு டி.வி. பெட்டியே வந்து சேராத காலத்தில், ஆரோவில்காரர்கள் ஆரெலெக் என்று ஒரு நிறுவனம் வைத்து இங்கே பக்கத்திலேயே கம்ப்யூட்டர் செய்து விற்றார்கள். அப்பேர்ப்பட்ட மண்ணில் குடியிருக்கும் நம் கட்டுரைக்காரருக்கு, நாற்பது வருடம் கழித்து, ஒரே ஒரு கேமிங் கம்ப்யூட்டரை உருவாக்க ஐம்பதாயிரம் ரூபாயும், மூன்று மாதமும், வீட்டில் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் செலவாயின.

ஆரம்பித்தது மகன். திண்டிவனத்தில் கல்லூரிக்குப் போகிறவன். "கடையில ரெடிமேடா வாங்கினா எண்பதாயிரம்பா. நாமளே அசெம்பிள் பண்ணா ஐம்பதுல முடிஞ்சிடும்" என்றான். கட்டுரைக்காரரின் காதில் விழுந்தது முப்பதாயிரம் மிச்சம் என்பது மட்டும்தான். அந்த ஐம்பதாயிரத்தைச் செலவே செய்யாமல் இருந்தால் ஐம்பதாயிரமும் மிச்சம் என்ற கணக்கு அன்று இரவு படுத்த பிறகுதான் தோன்றியது.

மகன் ஒரு பட்டியல் எழுதினான். ஏஎம்டி ரைசன் 5 5600 ப்ராசஸர், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம். ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டின் பெயர் ஏஎம்4. அது 2016இல் வந்தது. 2022இல் ஏஎம்டி அடுத்த சாக்கெட்டான ஏஎம்5க்குப் போய்விட்டதால், பழையதன் சாமான்கள் விலை இறங்கிக் கிடந்தன. கையைக் கடிக்காமல் கட்ட நினைப்பவர்களுக்கு இதுதான் வழி என்று அவன் சொன்னதில் தவறே இல்லை. தவறு, பட்டியலைத் தகப்பனாரிடம் கொடுத்ததுதான்.

சென்னை ரிச்சி தெருவுக்குக் கட்டுரைக்காரர் முதல்முறை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காசினோ தியேட்டர் பக்கம் இறங்கி, நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு எல்லாம் சுற்றிவந்து, பெரும்பாலான கடைகளின் ஷட்டர்களை நன்றாகப் பார்த்துவிட்டு ஈசிஆர் பஸ்ஸில் ஊர் திரும்பினார். இரண்டாவது முறை வேலை நாளில் போனார். பட்டியலில் டிடிஆர்4 ராம் என்று இருந்தது. ஒரு கடையில் டிடிஆர்5 தள்ளுபடியில் கிடைத்தது. நான்கைவிட ஐந்து பெரிது என்பது ஒன்றாம் வகுப்புப் பாடம். எட்டு ஜிபியில் ஒன்று வாங்கிக்கொண்டு, மகனின் அறியாமையை எண்ணிச் சிரித்தபடி வந்தார்.

இரண்டு ராமுக்கும் நீளம் ஒன்று. இரண்டிலும் 288 முனைகள். நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கும். மாற்றிச் செருகிவிடக் கூடாது என்றுதான் அந்த வெட்டை வைத்திருக்கிறார்கள். கட்டுரைக்காரர் அதைத் தயாரிப்புக் குறை என்று முடிவுகட்டி, கட்டைவிரலால் அழுத்த ஆரம்பித்தார். மகன் போட்ட சத்தத்தில் தெருநாய் எழுந்து ஓடியது. பெட்டி பிரித்த சாமானைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். ராம் பீரோவுக்குள் போனது. சரியான ராம் வாங்க மூன்றாவது பயணம் போக வேண்டியிருந்தது. அப்போது எட்டு ஜிபியில் இரண்டாக வாங்கச் சொல்லி அனுப்பினான் மகன். ஜோடியாகப் போட்டால் இரண்டு வழியிலும் தரவு ஓடி வேகம் கூடுமாம்.

மதர்போர்டு விழுப்புரத்து மச்சான் பாதி விலைக்குக் கொடுத்தது. 2019இல் வாங்கிய பி450 போர்டு. ப்ராசஸர் 2022இல் வந்த சரக்கு. சாக்கெட் ஒன்றுதான், அம்சமாக உட்கார்ந்தது. ஆனால் திரை இருட்டு. புதிய ப்ராசஸரை அடையாளம் காணப் போர்டின் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க போர்டு ஓட வேண்டும். ஓட, அதற்குத் தெரிந்த ப்ராசஸர் ஒன்று உள்ளே இருக்க வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதை. (சில போர்டுகளில் ப்ராசஸரே இல்லாமல் பென்டிரைவ் வழியாக பயாஸ் ஏற்ற ஒரு பொத்தான் உண்டு. மச்சான் கொடுத்ததில் அது இல்லை.) புதுச்சேரியில் ஒருவர் தன்னிடமிருந்த பழைய ப்ராசஸரைப் போட்டு அரை மணியில் முடித்துக் கொடுத்தார்.

இன்டெல் பக்கம் போனால் மட்டும் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். 2017இல் அவர்களின் எட்டாம் தலைமுறை ப்ராசஸர் வந்தபோது சாக்கெட்டின் பெயர் பழைய 1151தான். முந்தைய 100, 200 வரிசைப் போர்டுகளில் ஜோராக உட்காரும், ஓடாது.

பயாஸ் முடிந்து வீட்டில் மாட்டினால் மறுபடி இருட்டு. மானிட்டர் ஒயரைக் கட்டுரைக்காரர் மதர்போர்டில் சொருகியிருந்தார். வெறும் 5600இல் படம் காட்டும் பகுதி கிடையாது, 5600ஜியில் உண்டு. ஆகவே ஒயரைக் கிராபிக்ஸ் கார்டில்தான் சொருக வேண்டும். இன்டெலில் நேர்மாறாக, எஃப் என்ற எழுத்து இருந்தால் படம் இல்லை. ஒரு கம்பெனியில் எழுத்து இருந்தால் படம் உண்டு, இன்னொரு கம்பெனியில் எழுத்து இருந்தால் படம் இல்லை. இதைவிட ஜாதகம் பார்ப்பது சுலபம்.

கடைசியில் படம் வந்தது. கண்ணாடிக் கதவு வைத்த கேபினெட்டுக்குள் கோயில் திருவிழா சீரியல் பல்பு மாதிரி ஏழு நிறம் ஓடியது. அந்தக் கேபினெட்டுக்கு நாலாயிரம். அதோடு கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று இலவசம். இந்த இடத்தில்தான் தன் சாமர்த்தியத்தைக் கட்டுரைக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் ஜிடிஏவைத் திறந்தான். பதினோராவது நிமிடம் மொத்தமும் அணைந்தது. மறுபடி போட்டான், மறுபடி அணைந்தது. ஒரு வாரம் மின்வாரியத்தைத் திட்டினார்கள். பக்கத்து வீட்டு ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

மோட்டார் காயில் கட்டும் தம்பி ஒருவர் வேறு வேலையாக வீட்டுக்கு வந்தார். முந்திரித் தோப்பு போர்வெல் மோட்டார்களெல்லாம் அவர் கையால்தான் உயிர் பெறும். கம்ப்யூட்டரில் விளையாடியவர் அல்ல. அறையில் நடந்த பஞ்சாயத்தைக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "எத்தனை ஆம்ப்ஸ்ணே?"

"450 வாட் தம்பி."

"அது பெட்டி மேல போட்டிருக்கிற பேருண்ணே. ஆம்ப்ஸ் எவ்வளவு?"

குனிந்து எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரைப் படித்தார். 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்ப்ஸ். பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். மீதியை எல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கணக்குக் காட்டியிருந்தார்கள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு அது உதவும். இன்றைக்கு ப்ராசஸரும் கார்டும் தின்பது 12 வோல்ட்டை. கார்டு மட்டும் 132 வாட். ப்ராசஸர் பெயருக்கு 65, முழு மூச்சில் 76. கூட்டினால் 208. "இங்கயே இடிக்குதேண்ணே" என்றார் தம்பி.

பிறகு கார்டுக்குப் போகும் ஒயரைத் தூக்கிப் பார்த்தார். எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான எட்டு பின் ஒயரே கிடையாது. கடைக்காரர் கொடுத்த கன்வர்ட்டர் ஒன்று தொங்கியது. "ஒண்ணரை எச்பி மோட்டாருக்கு ஜீரோ வாட் பல்பு ஒயர் போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தார்.

மகன் போட்ட பட்டியலில் 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று முதலிலேயே இருந்தது. தகப்பனார் அடித்திருந்தார். இந்த முறை அதையே வாங்கினார்கள், அதுவும் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு. 12 வோல்ட்டில் மட்டும் 500 வாட்டுக்கு மேல் தருவது. அதில் 80 பிளஸ் முத்திரையும் இருந்தது. 2004இல் தொடங்கிய அந்த முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்லுமே தவிர, ஆம்ப்ஸுக்குப் பொறுப்பு ஏற்காது என்று தம்பிக்குக் கட்டுரைக்காரர் விளக்கினார். தம்பி தலையாட்டினார்.

புது எஸ்எம்பிஎஸ் மாட்டிய வாரமே, 2024 நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரண்ட் திரும்பும் வரை அந்தக் கம்ப்யூட்டர் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வந்த பிறகு இன்றுவரை ஒருமுறைகூட அணையவில்லை.

இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் காயில் கடையில் ஒரு சின்ன ஃபேனை ஓட்டிக்கொண்டிருக்கிறது. டிடிஆர்5 ராம் இன்னும் பீரோவில்தான். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, 2025 கடைசியில் உலகம் முழுக்க ராம் விலை எகிறியது. அதிலிருந்து கட்டுரைக்காரர் அதைத் தவறு என்று சொல்வதில்லை, முதலீடு என்கிறார். வேண்டுபவர்கள் குயிலாப்பாளையம் வரலாம். ஒரு மூலையில் கட்டைவிரல் அழுத்திய தடம் இருக்கும், கண்டுகொள்ள வேண்டாம்.