கப்பல் எண்ணூரில், விலை சவூதியில்

கேள்வி: சமையல் கேஸ் கப்பலில் எண்ணூரிலேயே வந்து இறங்குகிறது. பக்கத்திலிருக்கும் ராயபுரத்தில் சிலிண்டர் விலை ஏன் குறைவாக இல்லை?

பதில்: கப்பல் நிற்பது எண்ணூரில், விலை பிறப்பது சவூதியில், அதை ஏற்றுவதும் இறக்குவதும் டெல்லியில். நாட்டின் தேவையில் சுமார் 60 சதவீதம் இறக்குமதி. சவூதி அராம்கோ மாதந்தோறும் அறிவிக்கும் விலைதான் அடிப்படை. சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,118.50 ரூபாயைத் தொட்டது. அந்த ஆகஸ்டில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைந்தது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறி 868.50 ஆனது.

கண்ணெதிரே நடக்கும் கொள்ளை வேறு. மாடி ஏறியதற்கு என்று பில்லுக்கு மேல் கேட்கிறார்களே, அதுதான். வீடு வரை கொண்டுவரும் கூலி பில் தொகையிலேயே அடக்கம். சுமப்பவரின் உழைப்பு பெரிது. அதற்கான கூலியை ஏஜென்சிதான் தரவேண்டும், காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவின் சுருக்குப்பை அல்ல.

பில்லைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள தொகையை மட்டும் கொடுங்கள்.